வகுப்பறைக்குத் தொலைக்காட்சி வாங்கிய கதை



எங்கள் பள்ளியில் ஆண்டு 3, ஆண்டு 4 மாணவர்கள் சேர்ந்து பயிலும் வகுப்பறைக்கு ஒரு பெரிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கியிருக்கிறோம். செய்தி அவ்வளவுதான். கடைக்குப் போனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடிய வேலை. எங்களுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. இதே வேலையில் இறங்கப்போகும் பள்ளிகளுக்குப் பயன்படலாம் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். இடையில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் கதையை மட்டும் சொல்ல எனக்கு இயலவில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டிய தொகை 2,650 ரிங்கிட். நகர்ப்புறத்துப் பெரிய பள்ளிகளுக்கு இது ஒரு விருந்துச் செலவாக இருக்கலாம். எங்கள் பள்ளியோ பேரா மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்தின் நடுவே இருக்கும் சிறிய பள்ளி. பழைய செய்தித்தாள்களையும் அலுமினியக் கலன்களையும் சேர்த்து விற்றோம். விளையாட்டுப் போட்டி நாளன்று தாய்மார்கள் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்றார்கள். மீதியை ஐந்து, பத்து என்று பெற்றோர்களே கொடுத்தார்கள். ஐம்பது ரிங்கிட் கொடுத்தவர் ஒரு பாட்டி. தோட்டத்தில் செம்பனையின் உதிரிப் பழங்களைப் பொறுக்கும் வேலை செய்பவர். அவருடைய பேத்தி ஆண்டு 3 மாணவி. பற்றுச்சீட்டு எழுதும்போது, "பேரைச் சரியா எழுதுங்க டீச்சர், புள்ள படிச்சுக் காட்டும்," என்றார்.

அந்தப் பேத்தியைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எங்களிடம் ஏற்கெனவே ஓர் ஒளிவீழ்த்தி இருந்தது. புரொஜெக்டர் என்றால்தான் பலருக்கும் புரியும். அதன் விளக்கு ஆண்டுக்கு ஆண்டு மங்கிக்கொண்டே வந்தது. எங்கள் வகுப்பறையின் கிழக்குப் பக்கம் முழுவதும் சன்னல்கள். திரைச்சீலை கிடையாது. காலை ஒன்பது மணிக்கு வெயில் உள்ளே வந்துவிட்டால் வெண்திரையில் எழுத்துகள் சாம்பல் நிறமாகிவிடும். புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை உண்டாக்க இயலாது. ஒளி விழாத இடம்தான் அதற்குக் கறுப்பு. அறையே வெளிச்சமாக இருக்கும்போது அந்த இடமும் வெளிறிப்போகிறது. சன்னல்களை அடைத்தால் பதினேழு பிள்ளைகளும் நானும் வியர்வையில் குளிக்க வேண்டியதுதான். புதிய விளக்குக்கு 450 ரிங்கிட் கேட்டார்கள். அந்த விளக்கும் சில ஆண்டுகளில் மங்கும். இதனால்தான் தொலைக்காட்சி என்ற பேச்சே எழுந்தது.

இனி என் தவறு. ஒரு நாள் திரையில் சில சொற்களைக் காட்டி எழுதச் சொன்னேன். அவற்றுள் ஒன்று 'அரண்மனை'. நான் மேலே குறிப்பிட்ட மாணவி 'அரன்மணை' என்று எழுதியிருந்தாள். 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகியிருந்தது. பார்த்து எழுதுவதிலேயே இத்தனை பிழையா என்று கோபம் வந்துவிட்டது. "கண்ணை எங்கே வைத்துக்கொண்டு எழுதுகிறாய்?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அழிப்பானை எடுத்துத் தாள் கிழியும் அளவுக்குத் தேய்த்தாள். திருத்தியபோதும் அதே பிழையைத்தான் எழுதினாள். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

சங்கக் கூட்டத்தில் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசியபோது மூன்று கருத்துகள் வந்தன.

மூத்த உறுப்பினர் ஒருவர், இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்று கேட்டார். நம் நாட்டில் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1972 சூன் 19-ஆம் நாள் தொடங்கியது. அந்த நிகழ்ச்சிகளைப் பள்ளியில் ஒரு சின்னப் பெட்டியில் பார்த்துத்தானே தாங்கள் படித்தோம் என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. நானும் சிறுமியாக இருந்தபோது அண்டை வீட்டுச் சன்னலுக்கு வெளியே நின்று 20 அங்குலப் பெட்டியில் தமிழ்ப்படம் பார்த்தவள்தான். கதை புரிந்தது, அழுகை வந்தது, ஒரு குறையும் இல்லை. ஆனால் படத்தின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களை அங்கிருந்து நான் ஒருநாளும் வாசித்ததில்லை. ஓடி ஆடும் படத்தைச் சிறிய திரையிலும் பார்த்துவிடலாம். எழுத்தை அப்படி வாசிக்க இயலாது. வகுப்பறையில் நாம் காட்டுவது பெரும்பாலும் எழுத்துத்தான்.

சங்கத் தலைவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். அவருக்கு 75 அங்குலம் வேண்டும். "வாங்குறதுதான் வாங்குறோம், பெருசா வாங்கிடுவோம் டீச்சர். பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்காரங்க வந்து பார்க்கட்டும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பணம் போதாவிட்டால் மாதத் தவணையில் கட்டலாம் என்றும் சொன்னார்.

மூன்றாவது கருத்து என்னுடையது. பெயர்பெற்ற நிறுவனத்தின் 55 அங்குலப் பெட்டி. தங்கை வீட்டில் ஒன்று இருக்கிறது. அதன் வண்ணங்களைப் பார்த்து மயங்கியிருந்தேன். சிறியதாக இருந்தாலும் தரமாக இருக்கட்டும் என்று மிகவும் உறுதியாகப் பேசினேன். என் பேச்சைக் கேட்டுக் கூட்டமும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டது.

மறுவாரம் கணிதப் பாடத்தில் பரப்பளவு நடத்த வேண்டியிருந்தது. தொலைக்காட்சியையே பாடமாக்கினால் என்ன என்று தோன்றியது. மணிலா அட்டைகளை ஒட்டி மூன்று செவ்வகங்கள் வெட்டினோம். 55 அங்குலத் திரை ஏறத்தாழ 122 செ.மீ. அகலமும் 68 செ.மீ. உயரமும் கொண்டது. 65 அங்குலம் 144-க்கு 81. 75 அங்குலம் 166-க்கு 93. அங்குலக் கணக்கு அகலமோ உயரமோ அல்ல, மூலைக்கு மூலை அளக்கும் நீளம் என்பதை அளவுகோலை வைத்துக் கண்டுபிடித்ததில் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. பெருக்கிப் பார்த்தபோது எனக்கும் வியப்புத்தான். 55-க்கும் 65-க்கும் இடையே பத்து அங்குலம்தான் வேறுபாடு, பரப்பளவோ 40 விழுக்காடு கூடிவிடுகிறது.

அட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டு, அவற்றில் ண, ன, ந, ல, ள, ழ ஆகிய எழுத்துகளைக் கலந்து எழுதினேன். நான் வழக்கமாக வாசிப்புப் பகுதிக்குப் பயன்படுத்தும் எழுத்தின் அளவு 65 அங்குலத் திரையில் ஏறத்தாழ 2 செ.மீ. உயரம் வரும். அதே பக்கத்தை 55-இல் காட்டினால் 1.7 செ.மீ. 75-இல் 2.3 செ.மீ. அட்டைகளிலும் அந்த அளவிலேயே எழுதினேன். பிறகு ஒவ்வொரு மாணவரையும் கடைசி மேசையில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னேன். சுவரிலிருந்து கடைசி மேசைக்கு 5 மீட்டர் 10 செ.மீ. தொலைவு.

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். ஓரளவுக்குப் போதும். ஆனால் எழுத்துப் பெரிதானால் ஒரு பக்கத்தில் எட்டு வரி இருந்த இடத்தில் ஐந்து வரிதான் நிற்கும். வாசிப்புப் பகுதியைத் துண்டு துண்டாகக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கதையின் தொடர்பு அறுந்துவிடுகிறது. மேலும், மின்னியல் பாடநூலையோ பிறர் தயாரித்த காணொளியையோ காட்டும்போது எழுத்தின் அளவு நம் கையில் இல்லை.

55 அங்குல அட்டையைப் பதினேழு பேரில் ஐந்து பேர் பிழையாக வாசித்தார்கள். ண-வும் ன-வும் மாறின, ல-வும் ள-வும் மாறின. 65 அங்குல அட்டையில் பிழை செய்தது ஒருவர் மட்டுமே. 75-இலும் அதே ஒருவர்தான். நான் கூட்டத்தில் அத்தனை உறுதியாகப் பேசிய 55 அங்குலம் அங்கேயே தோற்றுப்போயிற்று. 75-க்குக் கூடுதல் பணம் கொடுப்பதாலும் எங்கள் அறையில் யாருக்கும் பயனில்லை என்பது தெரிந்தது. வாசிக்க வேண்டிய திரையென்றால், கடைசி இருக்கையின் தொலைவு திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. 81 செ.மீ. உயரத்துக்கு 4 மீட்டர் 86 செ.மீ. வருகிறது. எங்களுக்கு ஒரு சாண்தான் கூடுதல். கடைசி மேசையை ஒரு சாண் முன்னே தள்ளினோம், கணக்குச் சரியாகிவிட்டது. காசு செலவில்லாத இந்தத் தீர்வை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார்.

அந்த ஒருவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 75 அங்குல அட்டையையும் வாசிக்க இயலாமல் நின்ற அவளை மெல்ல மெல்ல முன்னே நடந்து வரச் சொன்னேன். ஏறக்குறைய இரண்டு மீட்டர் தொலைவுக்கு வந்த பிறகுதான் எழுத்துகளைச் சரியாகச் சொன்னாள். பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டு என்றே நினைத்துக் கைத்தட்டினார்கள். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், கரும்பலகையில் எழுதி முடித்ததும் கடைசி மேசையில் போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்வார். 'உங்கள் எழுத்தை அங்கிருந்து படியுங்கள்' என்பார். பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் ஒழுங்காக அதைச் செய்தேன். புரொஜெக்டர் வந்த பிறகு ஒருமுறைகூடச் செய்யவில்லை. ஆண்டு 1-இல் சுகாதாரக் குழுவினர் பார்வையைச் சோதித்திருப்பார்கள் என்ற எண்ணம் வேறு. இவளோ ஆண்டு 2-இல் வேறு பள்ளியிலிருந்து மாற்றலாகி வந்தவள். ஆண்டு 1-இல் சோதித்திருந்தாலும், கிட்டப்பார்வை அதற்குப் பிறகும் வரக்கூடியதுதானே. ஏன் இதுவரை சொல்லவில்லை என்று தனியே கேட்டபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நினைச்சேன் டீச்சர்," என்றாள்.

அன்று மாலையே பாட்டியைப் பார்த்துச் சொன்னேன். அவர் பட்டணத்துக்குக் கூட்டிச்சென்று சோதித்தார். இரண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை. கண்ணாடிக்கு 160 ரிங்கிட். இரண்டு நாள் கழித்துப் பள்ளி வாசலில் நின்றிருந்தார். கையில் நாங்கள் கொடுத்த பற்றுச்சீட்டு. "கேக்கவே வெக்கமா இருக்கு டீச்சர். அந்த அம்பது வெள்ளியத் திருப்பிக் குடுப்பீங்களா? அடுத்த மாசம் மறுபடியும் கட்டிடறேன்," என்றார்.

நிதிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் இல்லை. பொருளாளர் தயங்கினார். அவர் தயங்கியதிலும் நியாயம் உண்டு. ஒருவருக்குக் கொடுத்தால் நாளை நான்கு பேர் கேட்கலாம், கணக்கை அவர்தானே காட்ட வேண்டும்? கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சங்கத் தலைவர், "குடுத்துடுங்க. பெட்டி கொஞ்சம் கம்மியா வாங்கிக்குவோம்," என்று எழுந்தார். மீதி 110 ரிங்கிட்டையும் அவரே கண்ணாடிக் கடையில் கட்டிவிட்டார் என்பது எனக்குப் பல நாள் கழித்தே தெரிந்தது. 75 அங்குலம் வேண்டும் என்று கேட்டவரைப் பற்றி நான் மனத்துக்குள் என்னவெல்லாம் நினைத்திருந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஆக, கையில் 2,600 ரிங்கிட். தலைவரும் நானும் மின்வேலை தெரிந்த ஒரு தந்தையும் ஈப்போவுக்குப் போனோம்.

கடைகளில் வரிசையாக ஒளிவிடும் திரைகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அங்கே தெரியும் படம் உங்கள் அறையில் தெரியப்போகும் படமன்று. கடைக்கென்றே ஒரு முறை உண்டு. அதில் வெளிச்சத்தையும் வண்ணத்தையும் உச்சத்துக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். காட்டுவதும் பூக்கள், கிளிகள், கடற்கரைகள். நான் வீட்டு முறைக்கு மாற்றச் சொன்னேன். விற்பனை இளைஞருக்கு விருப்பமில்லை, ஆனாலும் மாற்றினார். அந்த வரிசையில் பாதித் திரைகள் சாதாரணமாகிவிட்டன.

அடுத்து நான் கொண்டுபோயிருந்த விரலியைச் செருகச் சொன்னேன். தம் டிரைவைத்தான் சொல்கிறேன். அதில் கிளியும் இல்லை, கடற்கரையும் இல்லை. எங்கள் வாசிப்புப் பகுதி ஒரு பக்கமும், ண, ன, ந கலந்த எழுத்துகள் ஒரு பக்கமும் இருந்தன. பாடப் பக்கங்களைப் படங்களாக மாற்றிச் சேமித்துக்கொண்டு போங்கள். தொலைக்காட்சி நேரடியாகத் திறப்பது பெரும்பாலும் படக்கோப்பும் காணொளியுமே. பிறகு ஐந்து மீட்டர் தள்ளிப்போய் நின்று படித்தேன். கடையில் அவ்வளவு இடம் இல்லாததால் சலவை இயந்திரங்களுக்கு நடுவே போய் நிற்க வேண்டியதாயிற்று. தலைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

நேர் எதிரே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வகுப்பில் இரு ஓரங்களிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சில திரைகள் நேரே பார்க்கும்போது நல்ல கறுப்பாகவும் அழுத்தமாகவும் தெரியும், பக்கவாட்டில் நகர நகர வெளிறிப்போகும். வேறு சிலவற்றில் கறுப்பு அவ்வளவு ஆழமில்லை, ஆனால் ஓரத்திலிருந்தும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் திரைப்பலகையின் வகையால் வரும் வேறுபாடு இது. முன்னதை விஏ என்றும் பின்னதை ஐபிஎஸ் என்றும் சொல்கிறார்கள். இருட்டறையில் படம் பார்க்கும் வீட்டுக்கு முதலாவது நல்லது. வெளிச்சமான, அகலமான வகுப்பறைக்கு இரண்டாவதே ஏற்றது. பெட்டியின் மேல் இதைப் பெரும்பாலும் எழுதியிருக்கமாட்டார்கள். நாமே இடமும் வலமும் நடந்து பார்க்க வேண்டியதுதான்.

இளைஞர் ஓஎல்இடி, கியூஎல்இடி என்று அடுக்கினார். ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும். வேண்டாதபோது முழுவதும் அணைந்துவிடும், அதனால் அதன் கறுப்பு உண்மையான கறுப்பு. அழகுதான். ஆனால் எங்கள் பணத்துக்கு எட்டாது. தவிர, ஒரே எழுத்தை மணிக்கணக்கில் அசையாமல் காட்டினால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும் வாய்ப்பும் அதற்கு உண்டு. கியூஎல்இடி என்பது வழக்கமான எல்இடி திரைதான். பின்னாலிருந்து வரும் நீல ஒளியைத் தூய பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றும் நுண்துகள் படலம் ஒன்று அதில் கூடுதலாக இருக்கிறது. கிளியின் இறகு அதில் நன்றாகத் தெரியும். எழுத்துக்கு அதனால் ஒன்றும் கூடுவதில்லை. 4கே பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இன்று இந்த அளவில் விற்கும் பெட்டிகள் ஏறக்குறைய எல்லாமே 4கேதான். ஐந்து மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அதற்கும் பழைய முழு எச்டிக்கும் வேறுபாடு தெரியாது.

அங்கே மூன்று பெட்டிகள் எங்கள் எல்லையை ஒட்டி இருந்தன. நான் முதலில் விரும்பியது போன்ற பெயர்பெற்ற 55 அங்குல கியூஎல்இடி 2,399 ரிங்கிட். சாதாரண 65 அங்குலம் 2,299. நான் அதுவரை கேள்விப்படாத ஒரு பெயரில் 75 அங்குலம் 2,999. தலைவரின் கண் கடைசிப் பெட்டியிலேயே இருந்தது. பழுதானால் எங்கே கொண்டுபோவது என்று கேட்டோம். இளைஞர் தொலைபேசியில் யாரிடமோ கேட்டார், பிறகு இன்னொருவரிடம் கேட்டார். தெளிவான விடை வரவில்லை. "வேண்டாம் டீச்சர், லாரியா இருந்தா நானே பார்த்துக்குவேன்," என்று தலைவரே விலகி வந்துவிட்டார்.

65 அங்குலத்தைப் பக்கவாட்டில் நடந்து பார்த்தேன். எழுத்து வெளிறவில்லை. மின்சிக்கன முத்திரையில் நட்சத்திரங்களையும் பார்த்துக்கொண்டோம். விலை பேசும்போது கடையின் தவுக்கே வந்தார். நான் ஆசிரியை, பள்ளிக்காக வாங்குகிறேன் என்று தெரிந்ததும், "சிக்கு, அனாக் மூரிட் புஞ்யா கா?" என்று கேட்டார். மாணவர்களுக்காகத்தான் என்றேன். நூறு ரிங்கிட் குறைத்தார். 2,199. கடைசி நேரத்தில் கூடுதல் உத்தரவாதத்துக்கென்று ஒரு தொகை கேட்டார்கள். நிறுவனம் தரும் இரண்டு ஆண்டு உத்தரவாதமே போதும் என்று விட்டுவிட்டோம். அவசரமில்லாதவர்கள் பண்டிகைக் கால விற்பனைக்கோ, புதிய மாதிரிகள் வந்து பழையவற்றின் விலை இறங்கும் நேரத்துக்கோ காத்திருக்கலாம்.

பெட்டியின் விலையோடு செலவு முடிவதில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய பெட்டிகளின் கால்கள் இரு ஓரங்களிலும் தள்ளி இருக்கும். சாதாரண ஆசிரியர் மேசைமேல் நிற்காது. ஆகவே சுவரில் மாட்டும் தாங்கி வாங்கினோம். சுவர் செங்கல்லா பலகையா என்று முன்கூட்டியே தட்டிப் பாருங்கள். எங்கள் முன்சுவர் செங்கல், பக்கச் சுவர் வெறும் பலகைத் தடுப்பு. தோட்டப்புறத்தில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. அதனால் மின்பாய்ச்சல் தடுப்பான் ஒன்றும் வாங்கினோம். இடி முழங்கினால் செருகியைப் பிடுங்கிவிடுவது என்று வகுப்புத் தலைவனுக்குப் பொறுப்பும் கொடுத்திருக்கிறேன். மெலிந்த பெட்டிகளின் ஒலி பின்பக்கமாகவும் கீழ்நோக்கியும் போவதால் கடைசி மேசைக்குத் தெளிவாக எட்டாது. ஒரு சிறிய ஒலிபெருக்கியும் தேவைப்பட்டது.

மாட்டும் வேலையை எங்களோடு வந்த தந்தையே கூலி வாங்காமல் செய்தார். படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று மேலே, கடிகாரத்துக்குக் கீழே மாட்டலாம் என்றார்கள். பிள்ளைகள் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாமே என்று தடுத்துவிட்டேன். முன்வரிசைத் தலைகள் மறைக்காத அளவுக்கு, திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 120 செ.மீ. இருக்குமாறு மாட்டினோம். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியில் இணைத்தபோது பக்கங்களின் ஓரங்கள் வெட்டுப்பட்டன. பெட்டி பழுது என்று பயந்துவிட்டேன். பட அளவு அமைப்பில் திரைக்குப் பொருத்துமாறு மாற்றியதும் சரியாகிவிட்டது. பழைய பாடப் பக்கங்கள் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் செய்தவை, இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை பாடம் தொடங்கியது. வெயில் வழக்கம்போல் ஒன்பது மணிக்கு உள்ளே வந்தது. எழுத்து கறுப்பாகவே இருந்தது. நான் கடைசி மேசையில் போய் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கண்ணாடி போட்ட அந்த மாணவியை முதலில் முன்வரிசைக்கு மாற்றியிருந்தேன். கடைசி மேசையில் இருக்கும் தன் தோழியிடம் போக வேண்டும் என்று கேட்டாள், விட்டேன். சென்ற வாரம் அங்கிருந்து கையைத் தூக்கினாள். "டீச்சர், நாலாவது வரியில 'வண்ணம்' தப்பா இருக்கு. ரெண்டு சுழி போட்டிருக்கீங்க." திரும்பிப் பார்த்தேன். 'வன்னம்' என்றுதான் தட்டச்சு செய்திருந்தேன். முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்குச் செய்த பக்கம் அது. வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் அன்று அவளிடம் கேட்ட கேள்வியை அவள் என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை. அதற்கு முன்பே அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன், எல்லார் முன்னிலையிலும்.

கணக்கையும் எழுதிவிடுகிறேன், பெற்றோர்கள் பார்க்க வேண்டும். தொலைக்காட்சி 2,199 ரிங்கிட். தாங்கி 90. ஐந்து மீட்டர் எச்டிஎம்ஐ கம்பி 45. மின்பாய்ச்சல் தடுப்பான் 69. ஒலிபெருக்கி 150. மொத்தம் 2,553. மீதம் 47 ரிங்கிட் பொருளாளரிடம் இருக்கிறது. பாட்டி சொன்னபடி அடுத்த மாதமே ஐம்பது ரிங்கிட்டை மீண்டும் கொண்டுவந்தார். வாங்க மறுத்தோம், வைத்துவிட்டுப் போய்விட்டார். அதையும் சேர்த்து 97. கிழக்குப் பக்கச் சன்னல்களுக்குத் திரைச்சீலைத் துணி எடுக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம். தைத்துத் தருவதாகத் தாய்மார் இருவர் சொல்லியிருக்கிறார்கள்.